கல்வெட்டில் ஒரு முந்திரி

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முந்திரிகை வருகிறது. நைவேத்தியப் பட்டியலில் அல்ல, நிலக்கணக்கில். ராஜராஜன் கோயிலுக்கு விட்ட நிலங்களின் பரப்பை வேலி, மா, காணி என்று இறங்கி இறங்கிச் சொல்லிக்கொண்டு போகும் கல், அடியில் வந்து தொடும் அளவு அது. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி, பதினாறு முந்திரி ஒரு மா. அதற்கும் கீழே போக வேண்டுமானால் கீழ்முந்திரி இருக்கிறது. முந்திரியை மறுபடி 320 ஆகப் பிளந்தது, அதாவது 1,02,400இல் ஒன்று. வரி விதிக்கிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் நுணுக்கம் அதிகம். ஆனால் அந்தக் கணக்கை எழுதிய கணக்கரோ, கல்லில் வெட்டிய தச்சரோ முந்திரிப் பருப்பைக் கண்ணால் கண்டதில்லை. அந்த மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியரோடு இந்தக் கரைக்கு வர இன்னும் ஐந்து நூற்றாண்டுகள் இருந்தன.

பருப்பு வந்தபோது பெயர் காலியாகவும் இருக்கவில்லை. முந்திரிகை என்றால் அதற்கு முன்பே திராட்சை. கொடியில் காய்ப்பதால் கொடிமுந்திரி என்றும் சொன்னார்கள். சமஸ்கிருதத்தின் மிருத்வீகா தமிழ் நாக்கில் புரண்டு முந்திரிகை ஆனது என்பது அகராதிக்காரர்கள் தரும் விளக்கம். புது மரத்தின் கொட்டைக்கும் அதே பெயரை வைத்து, குழம்பாமல் இருக்கக் கொட்டைமுந்திரி என்றார்கள். பிறகு கொடியில் காய்ப்பது திராட்சை என்ற பெயரோடு ஒதுங்கிக்கொள்ள, முந்திரி முழுக்கப் பண்ருட்டிக்காரர்களின் கைக்குப் போயிற்று. கணக்கு முந்திரி, தசம முறை வந்த பிறகு பாடப்புத்தகத்தை விட்டே வெளியேறியது.

எழுத்து ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள இத்தகைய சொற்கள் தமிழில் ஏராளம். தற்செயல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு இணையையும் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், எங்கோ ஓர் ஒலி உதிர்ந்திருக்கும், அல்லது எழுத்து போதாமல் போயிருக்கும், அல்லது ஒரு கப்பல் வந்திருக்கும். தற்செயலுக்கும் வரலாறு உண்டு.

ஆறு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நதியும் ஆறு, எண்ணும் ஆறு. திருவையாறு என்ற ஊர்ப்பெயரை எண்ணாக வாசித்தால் முப்பது வரும். ஈராறு பன்னிரண்டு, மூவாறு பதினெட்டு என்பதுபோல ஐயாறு முப்பது. ஊர்க்காரர் யாரும் அப்படி வாசிப்பதில்லை, ஐந்து ஆறுகள் என்றே கொள்வார்கள். இவ்விரண்டும் ஒரே சொல்லின் இரு முகங்களா, வெவ்வேறு சொற்களா என்று தமிழுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தீர்க்க முடியாது. பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். தெலுங்கில் எண் ஆறு, நதியோ ஏறு. அங்கே இரண்டும் ஒட்டவே இல்லை. மத்திய இந்தியாவின் கோண்டி மொழியில் எண்ணின் பெயர் சாருங். அந்தச் சகரம்தான் துப்பு. மூலத் திராவிடத்தில் சகரத்தோடு தொடங்கிய பல சொற்கள் தெற்கே வந்தபோது அந்த முதல் மெய்யைத் தொலைத்திருக்கின்றன. தமிழுக்குள்ளேயே அதன் தடம் கிடக்கிறது: சிறகு, இறகு, சிப்பி, இப்பி. முதல் ஒலி உதிர்ந்ததால் எண் வந்து நதியின் மேல் விழுந்தது. உதிராத கோண்டியில் அவை சந்திக்கவே இல்லை. நதியைக் குறிக்கும் ஆறும், வழி என்று பொருள்படும் ஆறும் வேறு விஷயம். அவை ஒரே சொல் என்று கொள்வாரும் உண்டு. நீர் போகும் வழி ஆறு, நெறியும் ஆறு. அப்படிக் கொண்டால் மூன்று பொருளில் இரண்டு உறவு, ஒன்று அயல்.

பாலும் இப்படித்தான். கறக்கிற பால் ஒன்று. ஆண்பால், பெண்பால், அறத்துப்பால் என்னும்போது வருவது மற்றொன்று. அது பகு என்ற வினையின் வழிவந்தது, பகுதியும் பாதியும் அதற்கு உடன்பிறப்பு. திருக்குறளுக்கு முப்பால் என்று பெயர் வைத்தவர் மூன்று பகுதி என்றுதான் சொன்னார், பிறகு வந்தவர்கள் அதில் இனிப்பும் சேர்த்துக் குடித்தார்கள். தெலுங்கிலும் இரண்டுக்கும் பாலு ஒன்றே. இன்றைய கன்னடத்தில் மட்டும் பிரிந்து நிற்கின்றன: குடிப்பது ஹாலு, பங்கு பாலு. பழைய கன்னடத்தின் பகரம் ஹகரமாக மாறியபோது ஒரு சொல் மாற, மற்றது பழைய ஒலியோடு நின்றுவிட்டது. ஒலிமாற்றம் சொற்களைச் சேர்த்தும் வைக்கும், பிரித்தும் வைக்கும்.

தமிழ் இலக்கணம் இந்தச் சிக்கலை மிகப் பழைய காலத்திலேயே பார்த்துவிட்டது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் பொருள் தெரிவது, வினையாலும் தெரியாதது. உரையாசிரியர்கள் இதற்குப் பிடித்துக்கொண்டது மா என்ற ஓரெழுத்துச் சொல். பூத்தது என்றால் மாமரம், கனைத்தது என்றால் குதிரை. வீழ்ந்தது என்று மட்டும் சொன்னால் எது வீழ்ந்தது? அப்போது மாமரம் என்றே விளக்கிச் சொல்லிவிட வேண்டும். நடைமுறைக்கு இதைவிடத் தெளிவான அறிவுரை இருக்க முடியாது. கவனிக்க வேண்டியது, இந்த இலக்கணத்துக்குப் பிறப்பு பற்றிய கவலை இல்லை. கேட்கிறவருக்கு விளங்குகிறதா என்பதே அதன் கேள்வி. உரியியலில் கடி என்ற ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருள் அடுக்கும்போதும் அப்படியே: காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று போகிற அந்த வரிசையில் எது எதற்கு உறவு என்று ஒரு குறிப்பும் கிடையாது.

நிகண்டுகளும் அதே வழியில் போயின. திவாகரத்தில் பதினோராம் தொகுதி முழுக்க ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமே செய்தார்கள். மண்டலபுருடர் சொற்களை எதுகை வரிசையில் கட்டிவைத்ததால் வாய்க்குச் சுலபமாக வந்தது. அரி என்றால் திருமால், சிங்கம், குரங்கு, பகை என்று தொடரும் பட்டியல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே மூச்சு. அந்த மூச்சுக்குள் சமஸ்கிருத ஹரி ஹகரத்தை இழந்துவிட்டு நுழைந்திருக்கிறது, பகைவன் என்று பொருள்படும் வேறொரு சமஸ்கிருத அரி எதையும் இழக்காமல் நுழைந்திருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத தமிழ் அரி அரிவாளோடு ஓரமாக நிற்கிறது.

இந்தக் கூட்டத்தைப் பிரித்து உட்கார வைத்தது இருபதாம் நூற்றாண்டின் அகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், ஒரே எழுத்துக்கூட்டுடைய தலைச்சொற்களின் தோளில் 1, 2, 3 என்று பொடி எண்கள் ஏறியிருக்கும். ஒரே பதிவுக்குள் பல பொருள் என்றால் ஒரு சொல். தனித்தனி எண் என்றால் தனித்தனிச் சொல். வையாபுரிப் பிள்ளையின் பதிப்பாசிரியப் பணியைப் பற்றி எழுந்த சண்டைகளில் பெரும்பகுதி வடசொல் எது, தென்சொல் எது என்பதைப் பற்றியது. அந்தச் சண்டையின் பாதி இந்தப் பொடி எண்களுக்குள் அடங்கியிருக்கிறது; எண் போடுவது ஒரு தீர்ப்பு.

இனி எழுத்து போதாமல் போன கதை. தமிழில் வல்லினத்துக்கு ஒரு வரிசைதான். சமஸ்கிருதத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு. நான்கு வாசல் வழியே கிளம்பிய சொற்கள் இங்கே ஒரே வாசலில் நுழைய வேண்டியிருந்தது. பாபம் என்ற குற்றம் தமிழ் வழக்கப்படி பகரம் வகரமாகிப் பாவம் ஆயிற்று. முகத்தில் காட்டும் உணர்ச்சியும் பாவம் ஆயிற்று. பரத வகுப்பில் ஆசிரியர் 'இன்னும் பாவம் வேண்டும்' என்று சொல்வதை எழுத்தில் பதிவு செய்தால் வாசிக்கிறவர் திடுக்கிடுவார். நளபாகத்தில் உள்ள பாகம் சமையல், பாகப்பிரிவினையில் உள்ள பாகம் பங்கு. கணபதியின் கணம் கூட்டம், கணப்பொழுதின் கணம் இமைப்பொழுது. அழைப்பிதழில் பந்துக்கள் என்று அச்சிட்டால் உறவினர், மைதானத்தில் சொன்னால் உருண்டோடுபவை. பீமனின் கதை என்றால் அவன் வரலாறா, அவன் தோளில் இருப்பதா? பின்னதற்குக் கதாயுதம் என்று ஆயுதத்தைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்தது, தொல்காப்பியர் காட்டிய வழிப்படி. பலம் என்பதில் மூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள்: வலிமை, பழம், நாட்டு மருந்துக் கடைக்காரர் சுக்கு நிறுக்கும் எடை. எடையின் பலம் சுமார் 35 கிராம். மற்ற இரண்டையும் நிறுக்க வழியில்லை.

இவற்றில் பலவும் காதுக்குக் குழப்பம் இல்லாதவை. பேசும்போது பாவத்தின் பகரத்தை அழுத்தியோ மெலித்தோ ஒலித்துப் பிரித்துவிடுகிறோம், எழுத்துதான் சேர்த்துவைக்கிறது. இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. அரையும் அறையும், பனியும் பணியும் கண்ணுக்கு வேறு. பல ஊர்க்காரர்களின் வாயில் ஒன்று. குமரி மாவட்டத்துக்காரர்கள் இன்னும் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்வார்கள், மற்றவர்கள் அதைக் கேட்டு மலையாள வாடை என்பார்கள்.

ஓலைச்சுவடிக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் புள்ளியை நம்பியே இருந்ததால் அதுவும் போயிற்று. கெட்டான், கேட்டான் இரண்டும் ஒரே எழுத்து. பொய், போய் ஒரே எழுத்து. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. இந்தச் சொற்கள் ஒலியில் சந்தித்ததே இல்லை, எழுத்தாணிதான் சேர்த்து வைத்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக் கொம்பு போட்ட பிறகு அவை பிரிந்தன. 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் தொகுத்தவரும் அவர்தான் என்பதால், சொற்களுக்கு வீடு பிரித்துக் கொடுத்ததில் அந்த இத்தாலியருக்கு இரட்டைப் பங்கு. பழைய ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் ஒருவன் கெட்டானா கேட்டானா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இன்று நாம் அச்சில் வாசிக்கும் இலக்கியத்தில் அப்படி எடுத்த முடிவுகள் ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன.

இலக்கணத்துக்குச் சிக்கலாக இருந்தது கவிஞர்களுக்கு முதலீடாயிற்று. கவி என்றால் புலவன். கபி என்ற வடசொல் தமிழில் கவி ஆனதால் குரங்கும் கவி. கம்பர் வானரங்களைக் கவி என்று அழைக்கிறார். கம்பருக்கோ கவிச்சக்கரவர்த்தி என்று பட்டம். எழுத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பட்டத்துக்கு முறையான உரிமையாளர் சுக்கிரீவன். இந்த வேடிக்கையைத் தொழிலாகவே செய்தவர் காளமேகம். பாம்பையும் வாழைப்பழத்தையும், பாம்பையும் எள்ளையும் ஒரே செய்யுளுக்குள் அடைத்தார். தண்டியலங்காரம் சிலேடையை இருவகையாக்குகிறது: சொல் பிரியாமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் மட்டும் தந்தால் பிரிமொழிச் சிலேடை. முதல் வகைக்கு மொழியில் ஏற்கெனவே நடந்த விபத்துகள் வேண்டும், இரண்டாவது வகையில் கவிஞரே விபத்தை ஏற்பாடு செய்கிறார். செம்மொழிதான் உயர்ந்தது என்று தோன்றும். காளமேகத்தின் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கப்பல்களுக்கு வருவோம். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் என்ற தலம் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்று பெரியபுராணம் சொல்லும் ஊர். பாதிரி அங்கே தலமரம். போர்த்துக்கீசியப் பாத்ரே தமிழில் பாதிரியார் ஆன பிறகு, விவரம் தெரியாதவர்கள் சைவத் தலத்தின் பெயரில் ஒரு கிறித்துவக் குருவைத் தேடலாம். போர்த்துக்கீசியர் சாவியையும் கொண்டுவந்தார்கள். நெல் விளைகிறவர்களிடம் ஒரு சாவி ஏற்கெனவே இருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் கிடைக்காவிட்டால் மணி முற்றாமல் வெறும் உமியாக நின்றுவிடும். பயிர் சாவியாகப் போச்சு என்பார்கள். அது சா என்ற வினையின் வழிவந்த தமிழ்ச்சொல். பத்தாயம் பூட்டுகிற சாவியும் பத்தாயத்தைக் காலியாக வைக்கிற சாவியும் ஒரே வீட்டில் புழங்கின. வாளியும் அப்படியே. பழம் பாடல்களில் நெஞ்சைத் துளைக்கிற அம்பு அது. போர்த்துக்கீசியரின் பால்தே வந்து சேர்ந்த பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டது.

ஆங்கிலம் வந்த பிறகு நாவல் மரத்தடியில் கூட்டம் கூடியது. புதிய கதைவடிவத்தை வேதநாயகம் பிள்ளை 1879இல் பிரதாப முதலியார் சரித்திரமாக அச்சிட்டார். அந்த வடிவத்துக்கு ஆங்கிலப் பெயரே நிலைத்தது. அந்தப் பெயருக்கு அடியில் இருப்பது புதுமை என்ற லத்தீன் சொல். கறுத்த பழத்துக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை. நாவலர் என்ற பட்டத்துக்கும் இவ்விரண்டுக்கும் உறவில்லை, அது நாவன்மையிலிருந்து வந்தது. ஆறுமுக நாவலர் நாவல் எழுதவில்லை என்பதை விளக்கவேண்டிய தலைமுறை ஒன்று வரக்கூடும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு எச்சரிக்கை அவசியம். ஒரே எழுத்துள்ள சொற்களுக்குள் உறவு கற்பித்துவிட நமக்குத் தணியாத ஆசை. ஊதுபத்தியில் ஊது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஊதி அணைப்பதால் என்று உடனே விடை வரும். அகில் கட்டைக்கு அரபியில் ஊத் என்று பெயர். அதோடு இந்தியின் பத்தி சேர்ந்து உருதுவழி இங்கே வந்தது. காதுக்குப் பழகிய தமிழ் வினை ஒன்று தயாராக இருந்ததால் புதியவரை வீட்டுப்பிள்ளையாக்கிவிட்டோம். இந்தப் பத்திக்கும், பக்தி என்பதன் தமிழ் வடிவமான பத்திக்கும், வரிசை என்ற பொருளில் வந்து இப்போது கட்டுரையில் இடைவெளிவிட்டுத் தொடங்குகிற பத்திக்கும் தொடர்பில்லை. பூசையறையில் முதல் இரண்டும் அருகருகே இருப்பதால் உறவு போலத் தோன்றுவது கண்கட்டு.

எதிர்ப்பக்கத்தில் ஏமாறுவதும் உண்டு. கைவிலங்கும் காட்டுவிலங்கும் சம்பந்தமில்லாதவை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் இவை ஒன்று. விலங்கு என்ற வினைக்குக் குறுக்காக இருத்தல் என்று பொருள். கைக்கும் காலுக்கும் குறுக்கே விழுவது தளை. மனிதனைப்போல நிமிராமல் தரைக்கு இணையாக, குறுக்காக உடம்பை வைத்து நடப்பது மிருகம். வழிக்குக் குறுக்கே கிடக்கும் மலைக்கு விலங்கல் என்று பெயர். சமஸ்கிருதமும் மிருகத்தைக் குறுக்காகப் போவது என்று பொருள்படும் திரியக் என்ற சொல்லால் குறிக்கிறது. ஒரு மனிதன் நின்றுகொண்டு பார்த்த உலகம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. காவல் நிலையத்திலும் உயிரியல் பூங்காவிலும் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வரவு நின்றபாடில்லை. பார் என்பது ஏற்கெனவே காண்பதும் உலகமுமாக இருந்தது. இப்போது மதுக்கடையை ஒட்டிய கொட்டகையும் பார். மால் பெருமாளாகவும் மயக்கமாகவும் இருந்தது. இப்போது நகரும் படிக்கட்டோடு ஐந்து மாடி. செல் என்றால் போ, செல் என்றால் ஏட்டை அரிக்கும் கரையான், செல் என்றால் சட்டைப் பையில் ஒலிப்பது. கோல் செங்கோலிலும் கால்பந்திலும் இருக்கிறது.

இவர்களில் உழைப்பாளி போர். போர்க்களத்தில் ஒன்று, களத்துமேட்டில் வைக்கோலை அடுக்கியது ஒன்று, வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு அடிப்பது ஒன்று, தோட்டத்தில் லாரி வந்து இரவெல்லாம் இறக்குவது ஒன்று. கடைசி இரண்டும் ஆங்கிலத்திலேயே எழுத்து ஒன்றாக இருப்பவை. பேரகராதிக்கு 1939இல் பின்னிணைப்பு வந்தபோது நாட்டுப்புறத்தில் இறைப்பெட்டியும் கவலையும்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. இன்று தஞ்சைப் பக்கத்து விவசாயி ஒருவர் 'போன வருசம் ரெண்டு போர் போட்டேன்' என்று சொன்னால், பூச்சூட்டி வைக்கோலை அடுக்கினாரா, ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கினாரா என்று வினையை வைத்தும் சொல்ல முடியாது, இரண்டையும் போடத்தான் வேண்டும். தண்ணீர் வந்ததா என்று கேட்டால் தெரிந்துவிடும்.